இருமடங்கு என்று போட்ட கணக்கு

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடலூரில் ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வேலை வரும், பேச்சுதான் வராது.

2007 என்று ஞாபகம். சிதம்பரத்தில் வளையல் கடை வைத்திருந்த காதர் பாய், தன் பழைய வால்வு ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்தார். அதற்காகவே அவர் தம்பி சிங்கப்பூரில் தேடி அலைந்து ஒரு ஜோடி வால்வு அனுப்பியிருந்தார். ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்ததால் நானே புதிதாகச் சுற்றினேன்.

இரண்டு வால்வும் மாறி மாறி இழுக்கும் செட் அது. ஒரு வால்வின் பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, இரண்டும் சேர்ந்தால் வால்வு மேல் விழும் லோடு இருமடங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

சத்தத்தைக் கூட்டியதும் வால்வுக்குள் இருந்த மெல்லிய கம்பி சிவந்தது. இரண்டுமே போய்விட்டன.

"என்னண்ணே, டூப்ளிகேட்டா?" என்ற பாய், அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். "டேய், எவன்கிட்டடா ஏமாந்த? சம்பளம் ஜாஸ்தியாயிட்டா கண்ணு தெரியாதா?"

அவர் திட்டத் திட்ட, நான் கணக்கெழுதிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்தால் கம்பிச் சுற்றுதான் இருமடங்கு; சுற்று இருமடங்கானால் லோடு நான்கு மடங்காகும். தவறு என்னுடையது. சொல்ல வாயெடுத்தவன், அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தம்பி அனுப்பிய வேறு ஜோடி வந்து சேர்வதற்குள் டிரான்ஸ்பார்மரை யாருக்கும் தெரியாமல் சரியாகச் சுற்றிவைத்தேன். பாட்டு கணீரென்று கேட்டது.

"தம்பி மன்னிப்பு கேட்டு அனுப்பிருக்காண்ணே. பாவம், ரொம்பத் திட்டிட்டேன். உங்க கை ராசியான கை" என்றார் பாய்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் ரொம்ப நாள் அதைக் கூச்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.