நான் அடித்த ‘ங்க’

பன் வேகிற வாசனையோடுதான் அந்த ஆபீஸ் நினைவுக்கு வரும். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. மூன்று மணிக்கு அடுப்பைத் திறந்தால் எங்கள் புரூஃப் தாள் வரைக்கும் மணக்கும்...

எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு அங்கிருந்து வந்த ஒரு மாத இதழில் சேர்ந்திருந்தேன். எழுத்தாளர்களைப் பேட்டி எடுப்பது என் வேலை. கேசட்டில் பதிந்து, கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதுவேன். புத்தகத்தை இரண்டு தடவை படிக்காமல் யார் முன்னாலும் போய் உட்கார்ந்ததில்லை.

மரகதம் அக்காவின் முதல் நாவலையும் அப்படித்தான் படித்துவிட்டுப் போனேன். அக்கா அந்தியூர்ப் பக்கத்தில் பால்வாடி டீச்சர். அப்பாவும் அம்மாவும் பண்ணையத்தில் கூலிக்குப் போனவர்கள். நாவலும் அப்படி ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றியதுதான்.

“இதுல எந்த இடம் உங்களுக்கு முக்கியம்க்கா?” என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “பண்ணையக்காரரு எது சொன்னாலும் ‘சரிங்க’ன்னவ, அன்னைக்கு ‘சரி’ன்னா. அவ்வளவுதானுங்க அம்மணி நாவலு.”

எங்கள் ஆசிரியருக்கு ஒரு சட்டம் உண்டு. “ங்க, ங்கன்னு போட்டா பக்கம் ஜவ்வா இழுக்கும் கண்ணு. எல்லாத்தையும் அடிச்சுப்போடு.” சிவப்புப் பேனாவால் வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். அந்த வரியிலும் என் கை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அப்பா வயசுக்காரர்கள், பத்து வயசுப் பிள்ளையான என்னிடமே “சரிங்க அம்மணி” என்றவர்கள். திருப்பி நாங்கள் யாரும் அவர்களுக்கு ‘ங்க’ சொன்னதில்லை. சும்மா வந்து விழுந்துகொண்டே இருந்த எழுத்து எனக்குக் காதில் விழவில்லை.

இதழில் இப்படி வந்தது: ‘பண்ணையக்காரர் எது சொன்னாலும் சரி என்றவள், அன்று சரி என்றாள். அவ்வளவுதான் நாவல்.’

அக்கா போன் செய்தார். கோபமில்லை, சிரித்தார். “ஏனுங்க அம்மணி, என்ர நாவல்ல என்னதானுங்க நடக்குது?”

“அச்சுப்பிழைக்கா” என்றேன். பச்சைப் பொய்.

அடுத்த வாரம் ஆர்.எஸ்.புரத்தில் அந்த நாவலுக்கு விமர்சனக் கூட்டம். முப்பது பேர் இருப்போம். பேச வந்தவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். கையில் நாவல் இல்லை, எங்கள் இதழ்தான் இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “சரின்னவ சரின்னாளாமா! இதுக்கு இருநூறு பக்கமா?”

அறையே சிரித்தது.

முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்தார். “அது அச்சுப்பிழைங்க. புஸ்தகத்தப் படிச்சீங்களாங்க?”

பேராசிரியர் எங்கள் ஆசிரியரைப் பார்த்தார். “எங்க பத்திரிகையில பிழையே வராதுங்க சார்” என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... குனிந்து நோட்டில் எதையோ எழுதினேன்.

“உக்காரும்மா. அடுத்த நாவல்லயாச்சும் ஒரு திருப்பம் வெச்சு எழுது” என்றார் பேராசிரியர்.

“சரி” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார்.

வெறும் சரி. அந்த மனிதருக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது.

மறுநாள் ஆசிரியரிடம் ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். “ஒரு ‘ங்க’வுக்குத் திருத்தமா? ஊரே சிரிக்கும். போய் வேலையப் பாரு.”

“சரிங்க சார்” என்றேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் அவிநாசி ரோட்டில் நடந்த இலக்கியத் திருவிழா. ஏ.சி. அரங்கம், நானூறு பேர். மேடையில் மரகதம் அக்கா, தலையெல்லாம் நரைத்துவிட்டது. பேட்டி எடுத்த பெண்ணின் மடியில் அதே நாவலின் புதுப் பதிப்பு. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை!

“மேம், உங்க ஸ்லாங் சோ க்யூட்! ஆடியன்ஸுக்காக ‘ஏனுங்க’ன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்.”

கைதட்டல். விசில் வேறு.

அன்றைக்கு இழுவை என்று அடித்தோம். இன்றைக்கு அழகு என்று கேட்டு வாங்குகிறோம். மரியாதைன்னா கோயமுத்தூர் என்று டீ-ஷர்ட்டில் போட்டு விற்கிறோம். அந்த மரியாதையை யார் யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை என்று ஒரு பெண் உட்கார்ந்து இருநூறு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படிக்க மட்டும் அன்றும் ஆள் இல்லை, இன்றும் ஆள் இல்லை.

அக்கா மைக்கை வாங்கிக் கீழே வைத்தார். 

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். “இவங்களோட பழைய பேட்டி ஒண்ணுல ‘ங்க’வ வெட்டுனது நான்தானுங்க. அச்சுப்பிழைன்னு பொய் சொன்னதும்...”

“மேம், கொஸ்டின் மட்டும் ப்ளீஸ்.” மைக்கை நிறுத்திவிட்டார்கள். விடவில்லை, கத்தியே சொல்லி முடித்தேன். நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

வெளியே வந்து அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவருக்கு டாக்ஸி வர நேரமிருந்தது. அந்தக் காலத்தில் பேக்கரி மாடிக்கு ஆறு மாசத்துக்கு ஒருவர் நாவல் கொண்டுவந்தால் அதிசயம். இப்போது வாரத்துக்கு நாலு வெளியீட்டு விழா. ஊர் வளர்ந்துதான் இருக்கிறது... ஆனால் இரண்டு தடவை படித்துவிட்டுப் போன நான்தான் அந்த வரியை வெட்டினேன். என்னத்தைச் சொல்லி யாரைத் திட்டுவது?

“அன்னைக்கே சொல்லியிருக்கோணும்க்கா” என்றேன்.

“சொல்லியிருந்தாலும் அந்தாளு படிச்சிருக்க மாட்டாரு அம்மணி” என்றார். டாக்ஸி வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆனா முப்பது பேரு சிரிச்சாங்களே... அதுல ஒரு பத்துப் பேராச்சும் சிரிப்ப நிறுத்தியிருப்பாங்க.”