சிவப்புக் கேடயமும் சித்தியின் ஜாதகமும்

எட்டாவது படிக்கும்போது நான் ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு ஒன்பதாவதில் பாதியோடு படிப்பை விட்டு, திருப்பூரில் பனியன் மடித்து, ஓசூரில் ரோஜாவுக்கு முள் ஒடித்து, கோவளத்தில் ஓட்டல் படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றி, எங்கேயும் இரண்டு வருடம் தரிக்காமல் சுற்றிவிட்டேன். எல்லா வேலையிலும் பக்கத்தில் ஒருவர் நின்று திட்டிக்கொண்டே இருந்தார். யாரும் பக்கத்தில் நிற்காமல் நானே முடித்து, நானே பெருமைப்பட்டுக்கொண்ட வேலை அந்த ஒன்றுதான்.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் திருக்கழுக்குன்றத்தில் மாமா வீட்டில் இருந்தோம். கல்யாணம் ஆகாத சித்தியும் அங்கேதான். மாமாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் ஜாதகத்தில் தாரம் இல்லையாம். பார்த்துச் சொன்னவரும் அவரேதான். அவர் ஜோசியர்.

ஜோசியரே தவிர, மாமாவுக்கும் கணக்குக்கும் ஆகாது. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கட்டம் போட்ட காலத்தில், ஒரே நேரத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு லக்னம் எழுதிக் கொடுத்தவர். அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்திலிருந்து மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்ததும், பஞ்சாங்கத்தை மூடிப் பரணில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கணக்குப் போடுவது கம்ப்யூட்டர், தட்டுவது சித்தி, பலன் சொல்வது மாமா என்று வேலை பிரிந்தது.

சித்தி டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்தவள். வாசலறையில் மேசைக்கு முன் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மாமல்லபுரத்திலிருந்தும் வேடந்தாங்கலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் எழுத வருவார்கள். சித்தி யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே கேட்பாள்.

"பொறந்த நேரம் சொல்லுங்க. குத்துமதிப்பா சொல்லாதீங்க. வெடிகாலைன்னா எத்தினி மணி?"

வந்தவர்கள் பயந்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வருவார்கள். மாமாவுக்குக் கொடுக்காத மரியாதையைச் சித்திக்குக் கொடுத்தார்கள். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று பன்னிரண்டு பக்கம் கக்கும். மாமா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலையோடு நீட்டுவார்.

சித்தியின் ஜாதகமும் அதில்தான் எழுதப்பட்டது. பிறந்தபோது, பெண்ணுக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு மாமா சொல்லி, சித்தியே தட்டி எடுத்தாள். அதில் ஏழாமிடத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்தது. அந்தச் செவ்வாயைப் பார்த்துவிட்டு ஐந்து வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா அடுப்படியில் அழுவாள், மாமா வெற்றிலை போடுவார், சித்தி நாற்காலிக்குத் திரும்பிப் போவாள். திரும்பி வந்த ஜாதகத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. ஒவ்வொரு வரனுக்கும் புதிதாகத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

ஆறாவது வரன் செங்கல்பட்டு. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரகர் வந்து ஜாதகம் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த வாரத்துப் புதன்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சித்தி குளத்தங்கரைக்குப் போயிருந்தாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் ஒரு பொம்மைக்குப் பாவாடை மாற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை நடுவில் ஒரு சிவப்புக் கேடயம் வந்து நின்றது. கீழே எண்கள் ஓடின. பத்து, அறுபது, இருநூறு. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது, கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்பது மட்டும்தான். பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது. பற்றி எரியும் வைக்கோலில் தண்ணீர் ஊற்றுகிறவளைப் போல அதை அமுக்கினேன். அமுக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது உள்ளே வருவதற்கு நான் திறந்துவிட்ட கதவுதான் அந்தப் பொத்தான்.

சித்தி வந்து பார்த்தபோது கேடயம் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எகிறி வந்து அலறியது. ஜாதக சாப்ட்வேரைத் திறந்தால், இதில் கிருமி இருக்கிறது என்று மூடியது. நான் தொடவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மாமா வந்து குனிந்து பார்த்தார். "இன்னா சொல்லுது? தமிழ்ல சொல்லு."

சித்தி படித்தாள். "முந்நூறு கெட்டது உள்ள பூந்துகினு கீதாம். எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டாங்களாம். எடுக்கணும்னா டாலர்ல பணம் கட்டணுமாம்."

மாமா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"திருட்டுப் பய. மொதல்ல பாத்துச் சொல்றேன்னு உள்ள வரான். அப்பால பயங்காட்டுறான். அப்பால பரிகாரத்துக்குத் தட்சண கேக்குறான். இவன் நம்ம தொழில்காரன்டி."

"அப்ப நீ சொல்ற தோஷமெல்லாம் இன்னாவாம்?" என்றாள் சித்தி.

"நான் ஒரு ஜாதகத்துக்கு மூணுக்கு மேல சொல்ல மாட்டேன். முந்நூறு சொல்றவன் பொய்யன். ஒரு பைசா கட்டாத."

வீட்டில் இங்கிலீஷ் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அது போலி என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

வியாழக்கிழமை பிரவுசிங் சென்டர் அண்ணன் வந்தார். படூர்ப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டே பிரவுசிங் சென்டரும் வைத்திருந்தவர். அழிக்கும் இடத்துக்குப் போய் அழித்தார். அழிந்தது. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டதும் கேடயம் முதல் ஆளாக வந்து நின்றது. மூன்று முறை இப்படி ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஜோசியரே, பேஜாரு புடிச்சதா கீது. பேசாம பார்மட் அடிச்சிடலாம்."

"அடிச்சா?" என்றாள் சித்தி.

"புதுசாயிடும். உள்ள கீறது எல்லாம் போயிடும்."

சித்தி எழுந்து வந்து அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் போவக் கூடாது. மூணு வருஷமா நான் தட்டுனது."

அண்ணன் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, எதற்கும் எல்லாவற்றையும் இதில் ஏற்றி வையுங்கள், நான் யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்தி, செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விசாரித்து வரக் கிளம்பினாள். மாத்திரை வாங்க அம்மாவும் கூடப் போனாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் போக மனமில்லை. வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு டெலிபோன் அடித்தது. பிரவுசிங் சென்டர் அண்ணன். வழி தெரிந்துவிட்டது என்றார்.

"சித்தி இல்லியா? சரி, நீ எழுதிக்கோ. அப்படியே சொல்லணும், ஒரு எழுத்து மாறக் கூடாது."

தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் சித்தி வரும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் குற்றம் செய்தவளுக்குப் பொறுமை இருப்பதில்லை.

முதலில் பென் டிரைவில் ஜாதகங்களை ஏற்றினேன். சித்தியின் ஒழுங்கு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வருஷவாரியாக, ஊர்வாரியாக அடுக்கியிருந்தாள். வரன்களுக்குக் கொடுக்கிற ஜாதகங்கள் ஒரு இடம். 'வீடு' என்று இன்னொரு இடம். அதில் அம்மா, மாமா, நான், சித்தி. வரன் பக்கத்திலும் ஒரு சித்தி இருந்தாள். இரண்டு சித்தியா என்று நினைத்தபடியே ஏற்றி முடித்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாயங்காலம் வர வேண்டிய தரகர், மாப்பிள்ளையின் அப்பாவோடு அப்போதே வந்துவிட்டார். மலைக்கோயிலுக்கு வந்தார்களாம், அப்படியே ஜாதகத்தை வாங்கிப் போகலாம் என்று வந்தார்களாம். மணி பத்து ஆகப்போகிறது.

"வெள்ளிக்கிழம. பத்தரைக்கு ராகு காலம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அதுக்கு முன்ன கைக்கு வந்தா வாங்கிக்கிறேன். இல்லாட்டி இன்னொரு எடம் சொல்லி கீறாங்க, அத்தப் பாத்துட்டுப் போறோம்."

மாமா அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் கேட்டார். "வருமா வராதா?"

"வரும் மாமா."

எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கறுப்புத் திரை வரும்போது கீபோர்டில் எஃப் எட்டு என்று போட்ட சாவியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை தவறிவிட்டது. கேடயம் வந்து அலறியது. மாப்பிள்ளையின் அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இன்னா சத்தம்?" "கம்ப்யூட்டரு கணக்குப் போடுது," என்றார் மாமா.

இரண்டாம் தடவை விடாமல் தட்டினேன். திரை மங்கலாக, எழுத்தெல்லாம் பூதமாக விரிந்து வந்தது. நான்கு மூலையிலும் ஏதோ எழுதியிருந்தது. எப்போதும் திரை முழுக்க இருக்கிற முருகன் படம் இல்லை. கேடயமும் இல்லை. அண்ணன் சொன்னது அதுதான். இந்த நிலையில் அது தூங்கும், எழுந்திருப்பதற்குள் வேரைப் பிடுங்கிவிட வேண்டும். காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்துப் போனேன். பாதுகாவலன் என்று பொருள் வருகிற ஏதோ ஆங்கிலப் பெயரில் அதற்கு ஒரு போல்டர் இருந்தது. அதை அழித்தேன். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது கூடவே யார் யார் விழிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் அதன் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன். மறுபடி அணைத்துப் போட்டேன்.

பத்து பதினைந்து. முருகன் வந்தார். மூலையில் கடிகாரம் மட்டும் இருந்தது. அரை நிமிடம் மூச்சு விடாமல் பார்த்தேன். கேடயம் வரவில்லை.

"சித்தி ஜாதகத்த எடு," என்றார் மாமா.

அப்போதுதான் இரண்டையும் திறந்து பார்த்தேன். வரன் பக்கத்தில் இருந்ததில் பிறந்த நேரம் காலை ஆறு பத்து, ஏழில் செவ்வாய், தோஷம் உண்டு. வீட்டுப் பக்கத்தில் இருந்ததில் ஆறு ஐம்பது, ஆறில் செவ்வாய், தோஷம் இல்லை. மற்றதெல்லாம் ஒன்றேபோல.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். பாவம் சித்தி. தோஷம் இல்லாமல் பிறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நேரத்தை மாற்றிப்போட்டுப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள். பொய் ஜாதகத்தை வெளியே கொடுக்கத் துணிச்சல் இல்லாமல் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு இல்லாத துணிச்சல் எனக்கு இருந்தது. ஒரு பொய்யால் ஒரு கல்யாணம் நடந்தால் என்ன? இரண்டாவதைப் பிரிண்ட் கொடுத்தேன்.

மாமா தாள்களை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் கண் நின்றுவிட்டது. கணக்குத்தான் அவருக்கு வராதே தவிர, கட்டத்தைப் படிக்க வரும். என்னைப் பார்த்தார். நான் காலண்டர் தாளைப் பார்த்தேன். பத்து இருபத்தைந்து. அவர் மஞ்சளைக் குழைத்து, நான்கு மூலையிலும் வழக்கத்தைவிட அழுத்தமாகத் தடவி, வெற்றிலையில் வைத்து நீட்டினார்.

மத்தியானம் சித்தியும் அம்மாவும் வந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா சொல்லிவிட்டார். ஜாதகம் கொடுத்தாகிவிட்டது, பொருத்தமும் பார்த்துவிட்டார்களாம், தோஷமில்லை என்று தரகர் போன் பண்ணினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று பயந்திருப்பாள். சித்தி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"எத்த எடுத்த?"

"வீடுன்னு போட்டிருந்தியே, அத்த," என்று காதோரமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கண் சிமிட்டினேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு வாசலறையில் சம்பளத்துக்கு ஒரு பையன் வந்து தட்டினான். யாரையும் நேரம் கேட்டு விரட்டவில்லை. கொஞ்ச நாளில் கூட்டம் குறைந்தது. மாமா பரணில் இருந்து பஞ்சாங்கத்தை இறக்கினார்.

பல வருடம் கழித்து, நான் ஓசூரிலிருந்து வந்திறங்கிய ஒரு நாள், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சித்தியைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளின் புத்தகப் பையையும் அவளே சுமந்துகொண்டு நின்றாள். வாத்தியார் நல்லவர்தான், சாது, ஆனால் பெண்கள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. பேச்சு பழைய கதைக்கு வந்தது. உனக்காக எட்டாவதிலேயே போர்ஜரி பண்ணினவள் நான் என்று சிரித்தேன். சித்தியும் சிரித்தாள்.

"நீயும் ஒங்க மாமாவும் பொய்யின்னு நெனச்சுக் குடுத்தீங்களே, அதுதாண்டி நெசம். ஆஸ்பத்திரி சீட்டுல ஆறு அம்பதுதான் போட்டு கீது. ஆறு பத்து நான் போட்டது."

எதற்கு என்று கேட்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். பிறகு சந்திக்கும்போதும் நான் கேட்கவில்லை. ஒருவேளை அவளுக்கு யாரையாவது பிடித்திருந்ததோ, யாரையுமே பிடிக்கவில்லையோ, அந்த நாற்காலி மட்டும் போதும் என்று இருந்ததோ தெரியாது. ஐந்து வீட்டாரைச் சத்தம் போடாமல் வாசலோடு திருப்பி அனுப்பிய ஒரு செவ்வாயை, நான் பத்தரை மணிக்குள் பிடுங்கிப் போட்டேன் என்பது மட்டும் தெரியும். அவளால் தடுக்கவும் முடிந்திருக்காது. நான் கொடுத்தது பொய் என்று சொன்னால் ஆஸ்பத்திரி சீட்டு அவளைக் காட்டிக்கொடுக்கும், நிஜம் என்று சொன்னால் ஆறு பத்தைப் போட்டது யார் என்று கேட்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். கேடயத்தை எப்படி எடுத்தாய் என்று கேட்டாள். நான் காலண்டர் தாளை விரித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியிலேயே அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எல்லாம் சொல்லி முடித்ததும் என் தலையில் கை வைத்து, "நல்லா பண்ணிகீற," என்றாள். கை சில்லென்று இருந்தது. பஸ்ஸில் வந்த காற்று என்று நினைத்தேன். பாராட்டுகிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள் என்று நம்புகிற வயது அது.