ஸம்ஸியா போவாளா, இருப்பாளா

என் மனைவி ஸம்ஸியா கல்முனையில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை செய்கிறாள். மனேஜராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொன்னால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஆசையெல்லாம் எப்பயோ முடிஞ்சி. இப்ப வீம்புதான் மிச்சம்" என்பாள். புது மனேஜர்களை முதலில் வெளியூருக்குத்தான் போடுவார்கள். அதற்கும் அவள் தயார். மொனராகலையில் போட்டால் மொனராகலை என்று நாங்கள் இரண்டு பேரும் முன்பே பேசி முடித்தாயிற்று.

முன்பெல்லாம் பதவி உயர்வு என்பது கொழும்பில் நாலு ஆம்பிளைகள் மேசையைச் சுற்றி இருந்து முடிவு செய்கிற காரியம். பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அநியாயம் நடக்கிறது என்று முறைப்பாடு வந்ததும், கம்பனி ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்கியது. மனிதனுக்குத்தான் பக்கச்சார்பு, கணினிக்கு ஏது என்றார்கள். ஸம்ஸியா அன்றைக்கு வட்டிலப்பம் செய்தாள். நானும் நம்பி இரண்டு துண்டு கூடத் தின்றேன்.

வேலைத் திறமைக்கு அவளுக்கு நல்ல புள்ளி கொடுத்த அந்தக் கணினி, வேலையில் நிலைத்திருப்பாளா என்கிற இடத்தில் காலை வாரிவிட்டது. கலியாணமான பெண், புருஷனின் ஊர் வேறு, ஆகவே விட்டுப் போய்விடுவாள் என்பது அதன் கணக்கு. பழைய பதிவுகளைப் படித்துப் பழகியதாம். எந்த ஊர்ப் பதிவுகளோ, அங்கே பெண்கள் கலியாணம் முடித்துப் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நானும் வரிப்பத்தான்சேனையில் வாப்பாவின் வயலையும் பார்த்த வேலையையும் விட்டுவிட்டுத்தான் ஸம்ஸியாவின் வீட்டுக்கு வந்தேன். விட்டு வந்தவன் நான், புள்ளி குறைந்தது அவளுக்கு.

அவள் சும்மா இருக்கவில்லை. கம்பனியின் சமவாய்ப்புப் பிரிவு நடத்திய சூம் கூட்டத்தில் மைக்கைத் திறந்து, "எங்கட ஊர்ல பொம்புளைகள் வீட்ட விட்டுப் போறல்ல சேர், மாப்புள்ளதான் வாற" என்று சொல்லிவிட்டாள். பிரிவுத் தலைவர் கோகுலனுக்கு வாயெல்லாம் பல். "இதைத்தான் மிஸ் நாங்க தேடிக்கொண்டிருந்தனாங்க. உங்கட பக்கத்துக் கிளைகள்ல எல்லாரிட்டயும் விசாரிச்சுத் தர ஏலுமா?" என்றார்.

இழுக்கிற மாட்டுக்குத்தானே பாரம். தன் வேலையோடு இதுவும் அவள் தலையில் விழுந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் விசாரிப்பாள். வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டும் போனில் விசாரிப்பாள். சம்மாந்துறை, ஒலுவில், காரைதீவு என்று முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. "இந்த முறை சரிவரும்" என்பாள், தலைவலிக்குப் பனடோலைப் போட்டுக்கொண்டு.

சரிவந்தது. பக்கச்சார்பைக் களைந்துவிட்டோம் என்று ஸம்ஸியாவின் படத்தோடு கம்பனி செய்தி வெளியிட்டது. நிலைத்திருப்பதில் இப்போது அவளுக்கு உச்சப் புள்ளி. மொனராகலையோ எங்கேயோ என்று, நான் மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்த பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

புது மனேஜர்களின் பெயர்கள் வந்தன. ஸம்ஸியாவின் பெயர் இல்லை. அவள் கோகுலனுக்குப் போன் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"நிலைத்திருக்கிறதில நீங்கதான் மிஸ் முதலாவது. ஆனா வெளியூருக்குப் போவீங்களா எண்டதில சிஸ்டம் நல்லாக் குறைச்சுப்போட்டுது. உங்கட பக்கத்துப் பெண்கள் வீட்டை விட்டுப் போறதில்லை எண்டு..." சூம் கூட்டத்தில் அதைச் சொன்னவள் இவள்தானே.

போவாள் என்று ஒரு தரம் தள்ளினார்கள், போகமாட்டாள் என்று மறு தரம் தள்ளினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கணினி கையில் கிடைத்திருந்தால் ஒலுவில் கடலில் எறிந்திருப்பேன். ஸம்ஸியாவுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. பின்னேரம் ஒலுவில் கிளையிலிருந்து சபூறா என்ற பிள்ளை போன் எடுத்தாள். அவளுக்கும் அதே இடத்தில் புள்ளி குறைந்திருந்தது. "ராத்தா, நீங்க கேட்டதுக்கு நான் உள்ளதத்தானே சொன்ன?" என்று அழுதாள். அப்போதுதான் ஸம்ஸியா உடைந்துபோனாள்.

அடுத்த கிழமை கோகுலனே கூப்பிட்டார். இதையும் திருத்திவிடலாம், இன்னொருக்கா தகவல் திரட்டித் தர ஏலுமா என்று கேட்டார்.

"தகவல் என்னத்துக்கு சேர்? போக விருப்பமா எண்டு ஒவ்வொரு ஆளிட்டயும் கேட்டாச் சரிதானே. முதல்ல என்னட்டக் கேளுங்க. நான் ஓம் எண்டுதான் சொல்லுவன்" என்றாள் ஸம்ஸியா.

"அது மிஸ்... சிஸ்டத்தில அப்படிக் கேக்கிறதுக்கு இடமில்லை."

"சரி சேர்" என்று போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இஞ்ச, அந்தப் பெட்டி காலுக்க இடறுது. மேல ஏத்தி வைங்க" என்றாள்.

ஏற்றி வைத்தேன்.