எட்வேட் அண்ணாவுக்குக் கிடைத்த பதவி

வங்காலை எட்வேட் அண்ணா இறந்து இன்று எட்டாம் நாள். நண்டு ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பனியில் ஒன்பது வருடம் அவர்தான் கணினிச் சேர்வரைப் பராமரித்தார். கடைசிவரை ஒப்பந்த ஊழியர். தை பிறந்தால் நிரந்தரமாக்குவதாக ஒவ்வொரு மார்கழியிலும் சொன்னார்கள்.

சேர்வரை எழுப்ப அவருக்கொரு முறை இருந்தது. முதலில் தரவுத்தளம். அது முழுதாக எழும்பிய பிறகுதான் அதை நம்பி ஓடும் மென்பொருள். எழும்பாவிட்டால், சேர்வர் தானே எழுதிவைக்கும் லொக்கை மேலிருந்து வாசிப்பார்.

"கடைசி வரியில கிடக்கிறது ஒப்பாரி. செத்தது ஆரெண்டு முதல் வரியில கிடக்கும்" என்பார்.

போன பங்குனியில் கரண்ட் நின்று வந்தபோது மென்பொருள் எழும்பவில்லை. எடை பார்த்த நண்டுக்குப் பில் அடிக்க முடியாமல் கொழும்பு லொறி வெயிலில் நின்றது. பாதி நண்டு செத்தது. இரண்டு மணித்தியாலத்தில் அண்ணா காரணத்தைப் பிடித்தார். மூன்று கிழமைக்கு முன் மனேஜர் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். மென்பொருளிடம் பழையதே இருந்தது. முன்பே திறந்திருந்த இணைப்புகளில் அது ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதை விசாரித்த கூட்டத்தில் அண்ணா லொக்கை அச்செடுத்து வைத்தார். மனேஜர் அதைத் தொடவில்லை.

"ஓடின சாமான், நீர் கை வைச்ச பிறகுதானே நிண்டது?"

"இல்லை சேர், கரண்ட் நிண்டது. முதல் வரியைப் பாருங்கோ."

"வரி வாசிக்கவோ உமக்குச் சம்பளம்?"

கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். கடவுச்சொல்லை மாற்றும்போது மனேஜரின் பக்கத்தில் நின்றவளும் நான். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அண்ணாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

வேலை கேட்டுப் போன இடமெல்லாம் முன்பு வேலை செய்த கந்தோரிலிருந்து பதவியைச் சொல்லும் கடிதம் கேட்டார்கள். அண்ணா எழுதிக் கேட்டும் மனேஜர் கொடுக்கவில்லை. ஆடியில் அண்ணா நெஞ்சு நோ வந்து வீட்டிலேயே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு முந்தின நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தியில ஒரு கண்ணீர் அஞ்சலி பெனர் கட்டவேணும். கம்பனி பேர் வடிவாத் தெரியட்டும்."

'எமது நிறுவனத்தின் சிரேஷ்ட கணினிப் பொறியியலாளர்.' அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அடக்கம் முடிந்து வந்த அண்ணாவின் மனைவி ஜெஸ்லியா, சந்தியில் கட்டியிருந்த பெனரின் கீழே நின்று வாசித்தார்.

"சோபனா, இது எப்ப குடுத்த பதவி?"

அவர் பெனரின் கயிற்றைக் காட்டினார்.

"கழட்டித் தாரும். இதத்தானே மனுசன் நாலு மாசமா எழுத்தில கேட்டவர். பெட்டிக்குள்ள வைக்கவும் பிந்திப்போச்சு."

பக்கத்துக் கடையில் கதிரை இரவல் வாங்கி ஏறி நின்று கயிற்றை அவிழ்த்தேன். அவர் அதை மடித்துக்கொண்டு போனார். அடுத்த நாள் மனேஜர் பெனர் எங்கே என்றார்.

காற்றில் அறுந்துவிட்டது என்றேன்.