நன்றாக ஓடிய லோரி

1. ‘அக்கா! அக்கா!’

ஜப்பான் ராணுவத்தின் டீசல் லோரி எங்கள் பட்டறைக்கு முதன்முதலாக வந்த அன்று, தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்தார்கள். லோரியிலிருந்து குதித்த சார்ஜன் “அக்கா! அக்கா!” என்று கத்திக்கொண்டே வந்ததுதான் காரணம்.

மலாயாவில், செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே ஃபிட்டர். வெள்ளைக்காரத் துரை சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிட்டிருந்தார். ரப்பர் மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. என் அக்கா அஞ்சலை அன்று ரப்பர் பால் கொட்டகையில் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, கைப்பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இவன் யார் வீட்டு அக்காவைக் கேட்கிறான் என்று புரியாமல் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அதை வைத்து என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மூச்சிரைக்க ஓடி வந்தார். எப்படியோ நாலு ஜப்பான் வார்த்தை கற்றுக்கொண்டு சார்ஜனுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார்.

“டேய், அவன் சிவப்பு விளக்கச் சொல்றான்டா! அவன் பாஷையில சிவப்புக்குப் பேரு அக்காவாம்!”

எட்டிப் பார்த்தேன். ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆயில் பிரஷர் விளக்கு. ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் இருந்தது. ஆயில் இருந்தும் பிரஷர் இல்லையென்றால் பம்புக்குப் போகிற வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றினேன். சல்லடை முழுக்கக் கறுப்புக் களி. கழுவி மாட்டியதும் விளக்கு அணைந்தது. சார்ஜன் என் முதுகில் தட்டி, “பாகூஸ்!” என்றான். நன்று என்று சொல்லக்கூட மலாய்தான் அவனுக்குக் கைகொடுத்தது.

அன்று மாலை நாங்கள் குடியிருந்த லயமே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

2. இரண்டு சத்தங்கள்

அந்த லோரியை ஓட்ட ஆள் கேட்டார்கள். அக்காவின் புருஷன் மாரிமுத்து மாமா துரை காலத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சயாமில் ரயில் சடக்குப் போடத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. போனவர் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. கிராணி எங்கள் இருவரையும் தனியே அழைத்துச் சொன்னார்.

“லோரி ஓடுற வரைக்கும் டிரைவர் இங்க. லோரி படுத்துச்சுன்னா டிரைவரும் சயாமுக்கு ஏற வேண்டியதுதான். சார்ஜன் சொல்லிட்டாரு. பாத்து நடந்துக்குங்க.”

அதாவது, மாமாவின் உயிர் அந்த இஞ்சினில் இருந்தது. அன்றிலிருந்து லோரி லயத்து வளைவில் திரும்பும்போதே நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

டீசல் என்று பேர்தான். ஊற்றியது செம்பனை எண்ணெயும், ரப்பரைக் காய்ச்சி இறக்கிய நாற்ற எண்ணெயும். அதில் ஓடும் இஞ்சின் இரண்டு விதமாகப் புலம்பும். ‘டிக் டிக்’ என்று மேலே கூர்மையாகக் கேட்டால் எண்ணெய் பீய்ச்சும் நாசிலில் பிசின். நாசிலுக்குப் போகும் குழாயின் யூனியன் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த நாசில்தான் கோளாறு. கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. ‘டொக் டொக்’ என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் பிக்-எண்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. அது சாவுச் சத்தம். அதோடு ஓட்டினால் ஒரு நாள் கனெக்டிங் ராட் இஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஒரு நாள் மத்தியானம் அந்த ‘டொக் டொக்’ வந்தது. திருப்புளி முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சந்தேகமே இல்லை. மாமா பக்கத்தில் குந்தினார்.

“மாப்ளே, அத அப்படியே விட்டுடேன்.”

“என்ன மாமா பேசுறீங்க?”

“நேத்து சுங்கைப் பட்டாணி ரயில் ஸ்டேஷனுக்கு ஏத்திட்டுப் போனது பூரா நம்ம லயத்து ஆளுங்கடா. ஒருத்தி லோரி கூடவே ஓடி வந்தா. புருஷன் பேரச் சொல்லிக் கத்துறா. நான் கியர மாத்திட்டு மிதிச்சேன். என்னால முடியலடா.”

“லோரி நின்னா நாளைக்கு நீங்க பின்னால ஏறணும் மாமா. அக்கா லோரி கூடவே ஓடி வரணும். அது பரவாயில்லையா?”

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. லோரி நின்றால் ஆள் பிடிப்பது நின்றுவிடுமா? பக்கத்துத் தோட்டத்தில் லோரி நின்றபோது அத்தனை பேரையும் வெயிலில் ஸ்டேஷன் வரை நடத்தியே கூட்டிப் போனார்கள்.

ஸ்பேர் பார்ட் எங்கே கிடைக்கும்? சும்மா கிடந்த ரப்பர் மெஷினின் பேரிங்கைக் கழற்றி, அதிலிருந்த ஒயிட் மெட்டல் ஈயத்தை உருக்கி லோரியின் பேரிங்கில் ஊற்றினேன். ராத்திரி பகல் பார்க்காமல் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினேன். கையோடு எல்லா நாசிலையும் பிரித்துச் சுத்தம் செய்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு வேலை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

3. பாகூஸ்

சார்ஜன் வந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பானெட்டைத் திறந்து குனிந்து கேட்டான். ஒரு சத்தம் இல்லை. “பாகூஸ்! நொம்போர் சத்து!” என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். முதல்தரம் என்கிறான். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

மறுநாள் காலையில் கிராணி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“சயாமுக்கு நல்ல லோரியா கேட்டிருக்காங்க. இதத்தான் அனுப்புறாங்க. டிரைவரோட.”

“லோரி ஓடுற வரைக்கும் டிரைவர் இங்கன்னு சொன்னீங்களே, ஐயா!”

“ஓடுது இல்ல? இனிமே அங்க ஓடும். என்கிட்ட கத்தி என்ன புண்ணியம்லா?”

சார்ஜனிடம் ஓடினேன். லோரியைக் காட்டி, “சாக்கிட்! சாக்கிட்!” என்றேன். சீக்கு, தூரம் போகாது என்று கையால் காட்டினேன். அவன் ஏறி உட்கார்ந்து இஞ்சினை முடுக்கினான். பூப்போல ஓடியது. சிவப்பு விளக்கும் எரியவில்லை. இறங்கி வந்து என் கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்த பிறகு பூட்ஸ் காலால் உதைத்தான். நான் செய்த வேலையே என்னைப் பொய்யனாக்கிவிட்டது.

மாமா ஏறும் முன் என்னிடம் கேட்டது இதுதான்.

“நாசில் சத்தம் போட்டா யூனியன் நட்டத்தானே மாப்ளே தளர்த்திப் பாக்கணும்? அங்க யாரு இருப்பா செய்யறதுக்கு.”

சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டு போனார். அக்கா லோரி கூடவே ஓடினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்?

ஜப்பான் சண்டை முடிந்து, புக்கிட் செலம்பாவ் ஊர் ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாகச் சயாமிலிருந்து திரும்பியிருந்தார். அக்காவும் நானும் போய் விசாரித்தோம்.

“அந்த லோரியா? பாத்தேன்மா. கடைசி வரைக்கும் நல்லா ஓடுச்சு. ஓட்டுனது வேற ஆளு.”

இப்போது இளம் மெக்கானிக்குகள் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்து, ‘டொக் டொக்’ கேட்டால் ஓட்டாதே என்பதெல்லாம் எந்தப் பட்டறையிலும் கற்றுக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த பாடம் வேறு. அன்று புக்கிட் செலம்பாவிலிருந்து திரும்பும் வழியில் அக்கா சடக்கு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே என்னைக் கேட்டாள்.

“நீ ஏன்டா அவ்ளோ நல்லா செஞ்சே?”

“எனக்கு அரைகுறையா செய்யத் தெரியாதுக்கா.”

“கத்துக்கிட்டிருக்கலாம்லடா” என்றாள்.