கோடு வரை தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் தொட்டியின் மேல் பாதியை மட்டும்தான் பார்ப்பார்கள். நான்கடிக் கண்ணாடி, நீல விளக்கு, பாறை, அதன் மேல் பூப்போல ஆடிக்கொண்டிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரி, அதற்குள் புரண்டு விளையாடும் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன். "அலமாக், எவ்ளோ அழகா இருக்கு!" என்று கைப்பேசியை எடுப்பார்கள். அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் என் கணவர்தான்.

அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதைச் சம்ப் என்பார். மேல் தொட்டியிலிருந்து வழிகிற கடல் நீர் அங்கே ஒரு துணிப்பையில் வடிந்து, அடுத்த அறையில் நிற்கும் ஸ்கிம்மர் குழாயில் தன் அழுக்கையெல்லாம் நுரையாகக் கக்கிவிட்டு, கடைசி அறைக்கு வந்து மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். கடைசி அறைக் கண்ணாடியில் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பராமரிப்பு வேலை. பகல் முழுக்க பம்புகளோடு மாரடித்துவிட்டு வந்து, முகம் கழுவுவதற்கு முன்பே இந்தப் பம்பின் முன்னால் குந்துவார். எனக்கு எரிச்சலாக வரும். கோயிலில் பெண்களிடம், "எங்க வீட்டுக்காரரு சின்ன வீட்டை வீட்டுக்குள்ளயே வச்சிருக்காரு, வசதியா போச்சு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் அது முழுக்க விளையாட்டு இல்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: ஆமா. பசிக்குதா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில்தான் தப்பான கதவு வழியாக வருகிறது என்று டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இந்த நோய்க்காரர்கள் காரணம் இல்லாமலே அழுவார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவரோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் தினமும் வந்து தொட்டியைக் கவனித்துக்கொண்டார். என் கணவர் வீடு திரும்பிய அன்று அந்த நண்பர் அலமாரிக் கதவைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ரொம்ப சிம்பிள் அண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா இந்தத் துணிப்பையைக் கழுவுங்க. நுரைக் கப்புல சேர்ற அழுக்கைக் கொட்டுங்க. தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குனா ஊத்துங்க. அவ்ளோதான் லா" என்றார். எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாற்காலியைத் தொட்டிக்கு நேராகப் போட்டு அவரை உட்கார வைத்தேன். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்வார். அந்த ஆரஞ்சு மீன் சாமந்தியை விட்டு வெளியே வந்து கண்ணாடிப் பக்கம் நின்றால் மட்டும் வாய் திறக்கும். ஒன்பது வருடமாக அவர் கையில் தின்ற மீன் அது. மீன் வரும்வரை கரண்டியைத் தூக்கிக்கொண்டு நானும் காத்திருப்பேன். இத்தனை வருடம் திட்டித் தீர்த்த அந்த மீனிடம், வாடா ராஜா, வந்து தொலைடா என்று கெஞ்சும்படி ஆனது. அது இருக்கிறவரை இவர் சாப்பிடுவார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் வாரமே ஒரு மத்தியானம் இடி மழையில் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் மேலே இருந்த தண்ணீர் மளமளவென்று சம்ப்புக்குள் இறங்கியது. கோட்டைத் தாண்டி, அறைத் தடுப்புகளையும் மூடிக்கொண்டு விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. அது அங்கேயே நின்றுவிடும், அதற்காகத்தான் அவர் அவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியுமா? கூடம் முழுக்க உப்புத் தண்ணீர் ஓடப்போகிறது என்று பதறி, ஆறு வாளி மொண்டு வெளியே கால்வாயில் ஊற்றினேன். அவர் இடது கையால் நாற்காலியைக் குத்தி, "ஆமா! ஆமா!" என்று கத்தினார். ஆமாங்க, ஊத்திட்டேன் ஊத்திட்டேன் என்று நானும் கத்தினேன்.

கரண்ட் வந்தது. மோட்டார் இருந்த தண்ணீரையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டது. கடைசி அறை வறண்டு, மோட்டார் காற்றை உறிஞ்சிக் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே இரண்டு பெரிய டிரம்கள் இருந்தன. ஒன்றில் மீனுக்காக உப்புப் பொடி கரைத்து வைத்த நீர், பக்கத்தில் சிவப்பு வாளி. இன்னொன்றில் வெறும் நீர், அதற்கு நீல வாளி. கொட்டியது உப்புத் தண்ணீர், ஆகவே உப்புத் தண்ணீரையே சிவப்பு வாளியில் கொண்டுவந்து ஆறு முறை ஊற்றினேன். மோட்டார் அடங்கியது. தண்ணீர் கோட்டில் நின்றது. அவர் முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. நோய் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று நான் செய்தது சரி. அந்தச் சரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. பைப் தண்ணீர் பட்டால் மீன் செத்துப்போகும் என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த இரண்டாவது டிரம் எதற்கு? எங்கள் தாமான் குடியிருப்பில் அடிக்கடி தண்ணீர் நின்றுவிடும். எல்லா வீட்டிலும் ஒரு டிரம் பிடித்து வைப்போம். அதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். மீனுக்காக அவர் பொறுமையாக வடிகட்டிச் சேர்த்து வைத்திருந்த நல்ல நீரில் அவருடைய கைலிகளை அலசினேன்.

அவருக்குப் புழுக்கம் ஆகாது என்று மின்விசிறி பகலெல்லாம் ஓடியது. அந்தக் காற்றுக்குத் தண்ணீர் மளமளவென்று வற்றியது. ஒவ்வொரு காலையும் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருக்கும். ஒவ்வொரு காலையும் சிவப்பு வாளி. டிரம் காலியானதும் உப்புப் பையில் போட்டிருந்த அளவைப் பார்த்து நானே கரைத்தேன். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. "என்னங்க, ஒங்க சின்ன வீட்டை எப்படிப் பாத்துக்கிறேன் பாருங்க. சரியா ஊத்துறேனா?" என்று கேட்பேன்.

"ஆமா" என்பார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கும். இடது கையால் அலமாரியைக் காட்டிக்கொண்டே இருப்பார். இன்னும் ஊற்றச் சொல்கிறார் என்று இன்னும் அரை வாளி கொண்டுவருவேன். பிறகு துண்டை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிடுவேன். டாக்டர் சொன்ன அழுகைதானே.

மூன்று வாரம் அப்படிப் போனது. கண்ணாடி விளிம்பிலும் குழாய் மூட்டிலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தேன். சின்ன நீல மீன்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. துணிப்பையைச் சரியாகக் கழுவவில்லையோ என்று தினமும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாமந்தி சுருங்கி ஒரு கைமுட்டி அளவுக்கு ஆனது. கடைசியில் ஆரஞ்சு மீன் பாறைக்கு அடியில் போய் ஒருக்களித்து, வேகவேகமாக மூச்சு வாங்கியது. அன்று அவர் கஞ்சியைத் தொடவில்லை. நான் பயந்துபோய் அவர் வழக்கமாக வாங்கும் வளர்ப்பு மீன் கடைக்குப் போன் போட்டேன்.

கடைக்காரச் சீனர் அன்று பிற்பகலே வந்தார். அலமாரியைத் திறந்து, உள்ளே என் கணவர் வைத்திருந்த ஒரு கறுப்பு டப்பாவிலிருந்து உப்பின் அளவு பார்க்கும் விரல் நீளக் கருவியை எடுத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தினமும் என்ன ஊற்றுகிறீர்கள் ஆன்ட்டி என்று மலாயில் கேட்டார். சிவப்பு வாளியைக் காட்டினேன்.

"ஆயர் பெர்கி, காராம் திங்கால்" என்றார் மெதுவாக. தண்ணீர்தான் காற்றில் போகிறது, உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. போனது நல்ல தண்ணீர், போட வேண்டியதும் நல்ல தண்ணீர்தான்.

முப்பது வருடமாகக் குழம்பு வைக்கிறேன். வற்றின குழம்பு கரிக்கும், அதில் வெந்நீர் விட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வற்றின குழம்பில் தினமும் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் போட்டு வைத்துக்கொண்டு.

கடைக்காரர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் குனிந்து, "அங்கிள், யூ நோ, ரைட்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தொரு காலை. ஒவ்வொரு காலையும் அவர் கண்ணெதிரே சிவப்பு வாளியைக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் காட்டியது சம்ப்பை இல்லை, அந்தக் கறுப்பு டப்பாவை. எது நடக்கிறது, எங்கே போய் முடியும் என்று முழுக்கத் தெரிந்துகொண்டே அவர் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணைத் துடைத்துவிட்டு மேற்கொண்டு ஊற்றினேன்.

உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்றேன். கூடாது என்றார். வேகமாக இறக்கினால் அதுவே கொன்றுவிடும். மணிக்கு ஒரு தடவை, ஒரு குவளை உப்பு நீரை எடுத்துவிட்டு ஒரு குவளை நல்ல நீர். கடையிலிருந்தே நல்ல நீர் இரண்டு கேனில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். தப்பு என்னவென்று தெரிந்த பிறகும் குவளை குவளையாகத்தான் அதைத் திருப்ப முடியும் என்பது பெரிய கொடுமை. நான்கு நாள் குவளையும் கையுமாக அலைந்தேன். பாறைக்கு அடியில் செவுள் அடித்துக்கொள்வதைக் குனிந்து குனிந்து பார்த்தேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நான்காம் நாள், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செவுள் நின்றது.

வலையில் எடுத்தபோது அது என் உள்ளங்கையைக்கூட நிறைக்கவில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"திட்டுங்க" என்றேன். "வாயில வந்ததைச் சொல்லித் திட்டுங்க."

ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர். வாய் கோணிக்கொண்டு திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு இடது கையைத் தூக்கினார். அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டினேன். நிஜமாகவே அடி வேண்டியிருந்தது எனக்கு. அந்தக் கை என்னைத் தாண்டிப் போய், திறந்திருந்த அலமாரியைக் காட்டியது. கடைசி அறையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது.

எதற்கு என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எழுந்துபோய் நீல வாளியில் நல்ல நீரைக் கொண்டுவந்து, ஒரு மீன்கூட இல்லாத தொட்டிக்கு ஊற்றினேன். தண்ணீர் கோட்டைத் தொடும்வரை அவர் கையை இறக்கவில்லை.