கழலாத நான்கு நட்டுகள்

போன வருஷம் சாரல் தொடங்குவதற்கு முன்பே என் வலது தோள்பட்டை கைவிட்டுவிட்டது. சட்டைக்குள் கை நுழைக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு ஜூனும் ஜூலையும்தான் வருஷம். அருவியில் குளிக்க வருகிறவர்கள் பிரேக் தேய்ந்தும் டயர் பஞ்சராகியும் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். நானோ ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி மிதித்தே இருபத்தைந்து வருஷம் நட்டு முறுக்கியவன். "இனிமே இந்த வேலைய அந்தக் கைக்குக் குடுக்காதீங்க" என்று டாக்டர் சொன்னார். வேறு எந்தக் கைக்குக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

அதனால் பேட்டரியில் ஓடி நட்டைக் கழற்றி முறுக்குகிற இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்றும், இடுக்கு வேலைக்கு ராட்செட் ஒன்றும் வாங்குவதென்று முடிவு செய்தேன். காற்றில் ஓடுகிற கன் எனக்குச் சரிப்படாது. குழாய் காலைச் சுற்றும், கரண்ட் போனால் கம்ப்ரசரும் சேர்ந்து படுத்துவிடும். திருநெல்வேலியில் டூல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுதான் இருப்பார், பொறுமைசாலி. ராட்செட்டில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையாத இடத்தில் அதன் தலை நுழைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தலை ஒல்லியாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். இறுக்கத்தைக் கடைசியில் கையால்தான் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். தெரியும் என்றேன்.

இம்பாக்ட் ரெஞ்ச்சில்தான் கிறுக்கு பிடித்தது. மேஜைமேல் இரண்டு வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமானது, கார் வேலை எல்லாவற்றுக்கும் போதும். மற்றது லாரி நட்டையே பிடுங்குகிற ரகம், எடை கூட.

"அண்ணாச்சி, நீங்க கார் வேலதான பாக்கிய? ஒங்க தோளுக்கும் சின்னதுதான் தோது."

"துருப்பிடிச்ச நட்டு வந்தா?"

"அதுக்கும் இது போதும். பெருசு கழத்த நல்லாருக்கும். மாட்டும்போதுதான் அளவு மீறி இறுக்கிராம பாத்து மாட்டணும்."

நான் பெரியதை எடுத்தேன். எதற்கு என்று இப்போது கேட்டால் வெட்கமாக இருக்கிறது. கை போன ஆளுக்குப் பெட்டிமேல் அதன் பலம் என்று அச்சடித்திருந்த பெரிய எண் ஆறுதலாக இருந்தது. போன பலம் கடையில் கிடைக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அதன் அடியில் ஒரு பட்டன் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகம் மாறும். கழற்ற மூன்று, மாட்ட ஒன்று, பிறகு இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச்சை வைத்து, அளவு வந்து அது 'டிக்' என்று சொல்லும்வரை கையால் முறுக்குவது. முறை அதுதான். முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அந்த மெல்லிய 'டிக்' பிடிக்கவில்லை. கீழே குனிந்து, "முறுக்கியாச்சா?" என்று சந்தேகமாகக் கேட்பார்கள். மூன்றில் வைத்து டர்ர்ரென்று விட்டால் கடைக்கு எதிரே டீ குடிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டால்தான் இங்கே வேலை நடந்ததாக அர்த்தம். பட்டன் மூன்றிலேயே கிடந்தது. டார்க் ரெஞ்ச் பெட்டிக்குள் போய்விட்டது.

இலத்தூரிலிருந்து ஒரு டீச்சர் அவருடைய சின்னக் காரை என்னிடம்தான் விடுவார். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ. அப்பா சிவகிரியில் படுத்த படுக்கை. ஞாயிறு தவறாமல் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஜூன் கடைசியில் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்லி வந்தார். மாற்றி, நான்கு சக்கரத்துக்கும் டர்ர்ரென்று விட்டேன்.

"சத்தமே பயமா இருக்கு அண்ணாச்சி."

"இனி யானை வந்து இழுத்தாலும் கழலாது டீச்சர்" என்று சிரித்தேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் மூன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன். அப்பா காலையில் இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்த இவருக்குச் செய்தி கிடைக்கவே மத்தியானமாகி, கிளம்பிப் போகிற வழியில் சொக்கம்பட்டி தாண்டி டயர் வெடித்துவிட்டது. பால் வண்டிக்காரர் ஒருவரும் வயலில் நின்ற இரண்டு பேரும் ஸ்பானரை மாட்டி ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறார்கள். நட்டின் முனை மழுங்கி ஸ்பானர் வழுக்கியதுதான் மிச்சம்.

"ஒண்ணுகூட அசைய மாட்டேங்கு அண்ணாச்சி. மழை வலுக்குன்னு அஞ்சு மணிக்கு எடுக்கணுங்காங்க. ஓடையில தண்ணி வந்துட்டா சுடுகாட்டுக்குப் போக முடியாதாம். அண்ணன்ட்ட சொல்லிருக்கேன், நான் மொகம் பாக்காம எடுத்துராதீங்கன்னு." பிறகு கேட்டார், "காரை இங்கனயே விட்டுட்டு ராஜபாளையம் பஸ்ஸுல ஏறிப் போயிரட்டா?"

ஆமாம், ஏறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சிவகிரி வழியாகப் போகிற பஸ்ஸுக்கு அந்தப் பாதையில் பஞ்சமில்லை. ஐந்துக்கு முன்னால் போய் இறங்கியிருப்பார்.

"வேண்டாம் டீச்சர், அங்கனயே நில்லுங்க. மிஷினோட இந்தா வாரேன். நாலு நிமிஷ வேலை."

அவருடைய அப்பாவை நான் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. நான் முறுக்கிய நட்டு நடுரோட்டில் நாலு பேர் பார்க்கக் கழலாமல் நிற்கிறதே என்ற மானக்கேடுதான் மண்டைக்குள் ஓடியது. நானே போய்க் கழற்றிக் காட்ட வேண்டும் என்று துடித்தேன்.

பைக்கில் மிஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கடையநல்லூரில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டேன். சொக்கம்பட்டி தாண்டும்போது மணி நாலரை. டீச்சர் குடையில்லாமல் காருக்குப் பக்கத்தில் நின்றார். மழுங்கிய நட்டில் மிஷின் முனையில் மாட்டுகிற சாக்கெட் நிற்காமல் சுற்றியது. ஒரு அளவு சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித்தான் கழற்ற முடிந்தது. நாலு நிமிஷ வேலைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் குத்துக்காலிட்டு அடித்துக்கொண்டிருக்கையில் ராஜபாளையம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் அதைப் பார்த்தார். நான் நிமிரவில்லை.

மாட்டிய ஸ்டெப்னியில் காற்று குறைவு. மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே பைக்கில் போனேன். சிவகிரியில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் விட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் படியிறங்கித் தெருவில் ஓடியது, அதில் பிய்ந்த மாலைப் பூ மிதந்து வந்தது. எடுத்துவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. டீச்சர் காரை நிறுத்தினார், இறங்கவில்லை. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடிவந்து கதவைத் திறந்து, "இம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோமே, எங்கட்டி போன?" என்று கத்தி அழுதார். நான் தெருமுனையிலேயே பைக்கைத் திருப்பிக்கொண்டேன். துக்க வீட்டு வாசலை மிதிக்காமல் ஓடிவந்தவன் நான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு ஒரு காலையில் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. காரை நிறுத்திவிட்டு, "மத்த மூணு வீலும் அன்னைக்கு மாதிரியேதான இருக்கும்? கழத்தி, நாலையும் கையால முறுக்கித் தாங்க அண்ணாச்சி" என்றார்.

மழுங்கிய நட்டுகளுக்குப் பதில் புதியது போட்டேன். தோள் தெறித்தது. பரவாயில்லை என்று இடது கையையும் கூட்டிக்கொண்டு, டார்க் ரெஞ்ச்சை எடுத்து ஒவ்வொன்றாக 'டிக்' சொல்லவைத்தேன். அவர் கூடவே நகர்ந்து நகர்ந்து வந்து பார்த்தார். முடித்ததும் டிக்கியிலிருந்து கார் ஸ்பானரை எடுத்தார். புதிதாக வாங்கியிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெடித்த டயர் இருந்த பக்கம் உட்கார்ந்து முதல் நட்டில் மாட்டி அழுத்தினார். 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. அடுத்ததும் அப்படியே. நான்கையும் தானே தளர்த்தினார், தானே திரும்ப முறுக்கினார், மறுபடி தளர்த்தினார். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்கிற கை.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டயரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நானே கழத்திருப்பேனே அண்ணாச்சி" என்றார். "அப்பா மொகத்தப் பாத்திருப்பேம்லா."